பல கிளை, ஒரே இன்டர்காம்: எக்ஸ்டென்ஷன் எண்களைக் குழப்பமில்லாமல் நடத்த அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொழில் நடத்துகிறவர்கள், அது ஜவுளிக்கடையோ ஆஸ்பத்திரியோ ரப்பர் வியாபாரமோ எதுவானாலும், இன்டர்நெட் வழி போனுக்கு மாறிய பிறகு கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மெஷின் சரியில்லை என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும், எண் பட்டியல்தான் தாறுமாறாகக் கிடக்கும்.

பேச வசதியாக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். தலைமை இடம் நாகர்கோவில் வடசேரி. கிளைகள் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல். குடோன் ஆரல்வாய்மொழியில்.

ஒவ்வொரு கிளையிலும் ஏற்கெனவே 201, 202 என்றுதான் எண் இருக்கிறது. எல்லாவற்றையும் இணைத்தால் இடிக்காதா?

இடிக்கும். அதனால்தான் வயரையும் ரூட்டரையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து எண்களை எழுதச் சொல்கிறேன். சுலபமான வழி, பழைய எண்ணை அப்படியே விட்டுவிட்டு அதன் முன்னால் கிளைக்கு ஓர் இலக்கம் சேர்ப்பது. நாகர்கோவிலுக்கு 2, தக்கலைக்கு 3, மார்த்தாண்டத்துக்கு 4, குலசேகரத்துக்கு 5, குளச்சலுக்கு 6, குடோனுக்கு 7 என்று வைத்தால் மார்த்தாண்டத்து 201 இனி 4201, தக்கலையின் 201 இனி 3201. பழைய மூன்று இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் புதிதாகப் படிக்க வேண்டியது முன்னால் வரும் ஓர் இலக்கம் மட்டும்தான்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் இன்னும் வசதி. ஒரே வேலைக்கு எல்லாக் கிளையிலும் ஒரே கடைசி மூன்று இலக்கம் கொடுங்கள். ரிசப்ஷன் எங்கும் 000, கணக்குப் பிரிவு எங்கும் 110, வாட்ச்மேன் எங்கும் 900. குளச்சல் கணக்குப் பிரிவு வேண்டுமா, 6110. இதற்கு டைரக்டரி தேவையே இல்லை.

முதல் இலக்கமாக 1, 9, 0 ஏன் கூடாது? 8-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்?

1-ல் அவசர எண்கள் இருக்கின்றன. 100, 101, 108, 112 எல்லாமே 1-ல்தான் தொடங்குகின்றன, நான்கு இலக்கத்திலும் 1098, 1930 போன்றவை உண்டு. உங்கள் பில்லிங் கவுண்டருக்கு 1080 என்று எண் கொடுத்தால், ஒருவர் 108 அடித்ததும் போன் அடுத்த இலக்கம் வருமா என்று சில விநாடிகள் காத்துக்கொண்டு நிற்கும். ஆம்புலன்ஸுக்கு அடிக்கிற நேரத்தில் அது தேவையா?

9 மொபைல் எண்களில் வருகிறது, பழைய இன்டர்காம்களில் வெளி லைனுக்கு 9 அடித்துப் பழகியவர்களும் இருக்கிறார்கள். 0 வெளியூருக்கு. 8-ஐ நான் எப்போதும் ஒதுக்கியே வைப்பேன், யாருடைய மேசையிலும் இல்லாத எண்களுக்காக: பல போன் சேர்ந்து அடிக்கிற ரிங் குரூப், அழைப்பை வரிசையில் நிறுத்துகிற கியூ, வாய்ஸ்மெயில், எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்புச் சொல்லும் பேஜிங். ஓர் எண் 8-ல் தொடங்கினால் அதன் பின்னால் தனி ஆள் இல்லை என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

வெளி லைனுக்கு 0 அடிக்கச் சொல்லியிருக்கிறோம். சில மொபைல் எண்களுக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். உங்கள் ஆட்கள் வெளி லைனுக்கு ஒரு 0, மொபைலுக்கு ஒரு 0 என்று இரண்டு அடிப்பார்கள். பிபிஎக்ஸ் (அழைப்புகளை இணைக்கிற இன்டர்காம் பெட்டி) முதல் 0-வைக் கழிக்காமல் அப்படியே வெளியே விட்டால் அது 00, அதாவது ஐஎஸ்டி, வெளிநாட்டு அழைப்பு. அதன் பிறகு 94-ல் தொடங்கும் மொபைல் எண் வந்தால் இலங்கைக்கும், 98-ல் தொடங்கினால் ஈரானுக்கும் அழைப்பு போட முயலும். ஐஎஸ்டி பூட்டியிருந்தால் அழைப்பு விழாது, பூட்டாவிட்டால் விழுந்துவிடும், இரண்டாவதுதான் மோசம்.

இன்றைய பிபிஎக்ஸுக்கு வெளி லைன் இலக்கம் என்ற ஒன்றே தேவையில்லை. நான்கு இலக்கம் வந்தால் உள்ளே, பத்து இலக்கம் வந்தால் மொபைல், 0-வை அதுவே சேர்த்துக்கொள்ளும். லேண்ட்லைன் எண்ணை மட்டும் எப்போதும் எஸ்டிடி கோடோடு அடிக்கப் பழக்குங்கள், உள்ளூராக இருந்தாலும். நாகர்கோவில் 04652, மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் 04651. நம் லேண்ட்லைன் எண்கள் ஆறு இலக்கம், பெரும்பாலும் 2-ல் தொடங்குபவை. நாலு இலக்கம் விழுந்ததும் டயல் பண்ணிவிடுகிற மாதிரி போனை அமைத்திருந்தால், கோடு இல்லாமல் அடித்த, 2-ல் தொடங்கும் எண்கள் பாதியிலேயே உங்கள் நாகர்கோவில் எக்ஸ்டென்ஷனுக்கு ஓடிவிடும்.

மூன்று இலக்கம் போதாதா? எங்களிடம் மொத்தமே நாற்பது போன்தான்.

இப்போதைக்குப் போதும். கிளை கூடினால் மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நாலே வையுங்கள்.

"அண்ணே, மார்த்தாண்டத்து ஆளோட மிஸ்டு காலைத் திருப்பிப் போட்டா நம்ம பில்லிங்குலயே அடிக்குது!" இது ஏன்?

ரொம்பப் பேர் கேட்பது இது. மார்த்தாண்டத்து 4201 உங்களைக் கூப்பிடும்போது அந்த ஊர் பிபிஎக்ஸ் காலர் ஐடியாக வெறும் 201-ஐ அனுப்பியிருக்கும். உங்கள் போன் அதைத்தான் மிஸ்டு கால் பட்டியலில் வைத்திருக்கும். திருப்பி அழுத்தினால் உங்கள் ஊர் 201. போன் மேல் தப்பில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்றால், "பழக்கம் விட வேண்டாம், கிளைக்குள் மூன்று இலக்கம் அடிக்கட்டும், கிளை விட்டுக் கிளைக்கு நாலு அடிக்கட்டும்" என்று நடுவில் ஒரு சமாதானம் செய்வார்கள் பாருங்கள், அங்கிருந்துதான். எக்ஸ்டென்ஷனின் உண்மையான எண்ணே 4201 ஆக இருக்க வேண்டும், உள்ளேயும் வெளியேயும் அதுவே தெரிய வேண்டும். கிளைக்குள் 201 அடித்தால் முன்னால் 4 சேர்த்துக்கொள்கிற வசதியை மாறுகிற ஒரு மாதத்துக்கு மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். வைத்துக்கொண்டே இருந்தால் நாகர்கோவிலில் இன்னொரு தொல்லையும் சேரும்: 201 என்று அடித்தவர் 201-ஐத்தான் கேட்கிறாரா, 2010-ஐ அடித்து முடிக்கவில்லையா என்று போனுக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் ஒரே பிபிஎக்ஸ் வைத்து எல்லாக் கிளை போனையும் அதில் சேர்க்கலாமா, கிளைக்கு ஒன்று வைக்கணுமா?

ஒரே பிபிஎக்ஸ் என்றால் எண் பட்டியல் ஒன்று, பாஸ்வேர்டு பட்டியல் ஒன்று, பேக்கப் ஒன்று. எண்களை நடத்துவதற்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆனால் குலசேகரத்தில் இன்டர்நெட் போய்விட்டால் அந்தக் கடைக்குள் கவுண்டரிலிருந்து மாடிக்குக்கூடப் பேச முடியாது, ஏனென்றால் அந்த அழைப்பை இணைக்கிற பெட்டி நாகர்கோவிலில் இருக்கிறது.

என் கணக்கு இது. ஏழெட்டு போன் உள்ள சின்னக் கிளை என்றால் தலைமை இடத்திலேயே சேர்த்துவிடுங்கள், நெட் போனால் மாடிக்குக் குரல் கொடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் மாதிரி இடமானால் அங்கேயே ஒரு பிபிஎக்ஸ் கட்டாயம் வேண்டும், வார்டிலிருந்து டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது கேபிள் அறுந்ததால் நின்றுபோகக் கூடாது. எத்தனை பெட்டி வைத்தாலும் எண் திட்டம் ஒன்றுதான்.

இரண்டு பிபிஎக்ஸ்களை இணைத்தோம். யாரோ தப்பான எண் அடித்ததும் எல்லா லைனும் பிஸி ஆகிவிட்டது.

அழைப்பு சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். ஆஸ்டரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் போன்ற பிபிஎக்ஸ் சாஃப்ட்வேர்களில் நாகர்கோவில் பெட்டியிடம் "4எக்ஸ்எக்ஸ்எக்ஸ் (4-ல் தொடங்கும் நாலு இலக்கம்) வந்தால் மார்த்தாண்டம் ட்ரங்க்குக்கு (பெட்டியை வெளியே இணைக்கிற லைன்) அனுப்பு" என்று எழுதுவோம். அது சரி. மார்த்தாண்டம் பெட்டியிடம் "எனக்குத் தெரியாத எண் எல்லாம் நாகர்கோவிலுக்கு" என்று சோம்பேறித்தனமாக எழுதியிருப்பார்கள். இப்போது ஒருவர் இல்லாத 4999-ஐ அடிக்கிறார். நாகர்கோவில் அதை மார்த்தாண்டத்துக்குத் தள்ளுகிறது, மார்த்தாண்டம் தெரியாது என்று திருப்பித் தள்ளுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ட்ரங்க்கில் ஒரு சேனல் போகிறது. இன்டர்நெட் போன்கள் அழைப்பைத் தொடங்கி முடிக்கிற முறையான எஸ்ஐபியில் இதைத் தடுக்க ஓர் எண்ணிக்கை உண்டு, வழக்கமாக 70-ல் தொடங்கி ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்று குறையும். ஆனால் பிபிஎக்ஸ் ஒவ்வொரு முறையும் புது அழைப்பாகப் போடுவதால் அது காப்பாற்றாது.

தீர்வு: தன் கிளையின் வரிசைக்கு அந்தந்தப் பெட்டியே முழுப் பொறுப்பு. 4-ல் தொடங்கி இல்லாத எண் வந்தால் மார்த்தாண்டம் பெட்டியே "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று சொல்லி முடிக்க வேண்டும். எந்தப் பெட்டியிலும் "மீதி எல்லாம் அங்கே" என்ற வரி இருக்கவே கூடாது.

நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.

மணி அடிக்க வைப்பது எஸ்ஐபி, வழக்கமாக 5060 போர்ட். குரல் வருவது ஆர்டிபி, வேறு வழியில், ஆஸ்டரிஸ்கில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை உள்ள போர்ட்களில். மணி அடித்து ஒரு பக்கம் குரல் இல்லை என்றால் நடுவில் நாட் (ரூட்டர் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) எங்கோ குரலைத் தப்பான முகவரிக்கு அனுப்புகிறது என்று அர்த்தம். முதலில் ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணையுங்கள், உதவி செய்கிறேன் என்று வந்து கெடுக்கிற சாமான் அது.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். எல்லா இடத்திலும் ரூட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1 வரிசையில் இருக்கும். எல்லா ஊரும் ஒரே முகவரி என்றால், கிளைகளை இன்டர்நெட் வழியே ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கிற விபிஎன் யாருக்கு அனுப்பும்? எக்ஸ்டென்ஷன் எண்ணின் முதல் இலக்கத்தையே இங்கேயும் பயன்படுத்துங்கள்: தக்கலை 10.3, மார்த்தாண்டம் 10.4, குலசேகரம் 10.5. லாகில் 10.4 என்று பார்த்ததும் ஊர் தெரியும். இதைச் செய்தவர்கள் யாரும் பிறகு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம், பல பிராட்பேண்ட் இணைப்புகளில் இப்போது தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை. கவலை வேண்டாம், நாகர்கோவிலுக்கு மட்டும் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) வாங்கினால் போதும். கிளை ரூட்டர்கள் வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன்னில் அங்கிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். இணைப்பு அறுந்துபோகாமல் அவ்வப்போது தட்டி வைக்கிற கீப்அலைவை 25 விநாடி வைக்க மறக்காதீர்கள்.

போன் போகிறது, ஆனால் வருவதில்லை. மறுபடி ஆன் பண்ணினால் கொஞ்ச நேரம் வருகிறது.

அதே கீப்அலைவ்தான். ரூட்டர் சும்மா இருக்கிற இணைப்பை மறந்துவிடுகிறது. போனிலோ பிபிஎக்ஸிலோ 30 விநாடிக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று சொல்ல வையுங்கள்.

100 எம்பிபிஎஸ் லைன் இருக்கிறது, ஆனாலும் குரல் விட்டுவிட்டு வருகிறது.

ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றுகிற முறை) ஓர் அழைப்புக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. ஜி.729 என்றால் அழைப்புக்குச் சுமார் 31-தான். ஆகவே வேகம் போதவில்லை என்று பிளானை மாற்றுவது வீண் செலவு. குடோன் கேமரா முழுவதையும் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதா, மாலையில் கணக்குப் பிரிவு பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்லோடு அங்கேதான் போகிறது. ரூட்டரில் குரல் பாக்கெட்டுகளுக்கு முதல் இடம் கொடுங்கள், டிஎஸ்சிபி 46 என்று குறியிட்டால் அது குரல். அந்தக் குறியை வெளியே இன்டர்நெட்டில் யாரும் மதிக்கப்போவதில்லை, உங்கள் ரூட்டர் மதித்தால் போதும், நெரிசல் அங்கேதான். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும்.

ஓர் ஆள் தக்கலையிலிருந்து குளச்சலுக்கு மாற்றலாகிறார். தன் எண்ணையும் கொண்டுபோகணும் என்கிறார்.

கொடுக்காதீர்கள். எண் நாற்காலிக்கு, ஆளுக்கு அல்ல. 3120 குளச்சலில் அடிக்கத் தொடங்கினால் முதல் இலக்கம் சொல்கிற ஊரை யாரும் நம்பமாட்டார்கள், அடுத்த வருடம் பட்டியலே பொய்யாகிவிடும். வேண்டுமானால் 3120-க்கு வருகிற அழைப்பை ஒரு மாதம் அவருடைய புது எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள், முடிகிற தேதியையும் எழுதிவைத்துவிட்டு. வேலையை விட்டே போகிறார் என்றால் அன்றைக்கே பாஸ்வேர்டு, வாய்ஸ்மெயில் பின், மொபைலில் போட்டிருந்த சாஃப்ட்போன் மூன்றையும் மாற்றுங்கள். பெயரை மாற்றுவது கடைசி வேலை, எல்லோரும் அதை மட்டும்தான் செய்கிறார்கள்.

மேசை போனிலும் மொபைல் ஆப்பிலும் ஒரே எக்ஸ்டென்ஷன் வைக்கலாமா?

ஆஸ்டரிஸ்கில் போன்களைச் சேர்க்கிற புதிய முறையான பிஜேசிப் வழியாக என்றால் முடியும், எத்தனை கருவி சேரலாம் என்று எண்ணிக்கையைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். பழைய சான்-சிப்பில் கடைசியாகப் பதிவானது மட்டுமே அடிக்கும். சான்-சிப் ஆஸ்டரிஸ்க் 21-ல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் யூடியூபில் பாதி வீடியோ இன்னும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

ஆப் வேண்டாம், சாதாரண மொபைலுக்கே திருப்பிவிடுகிறேன் என்றால் ஒன்று கவனியுங்கள்: வெளியிலிருந்து வந்த அழைப்பை வெளியே திருப்பினால் ட்ரங்க்கில் இரண்டு சேனல் போகும்.

4201-க்கு பாஸ்வேர்டு 4201 தான். உள்ளே உள்ளவர்களுக்கு மட்டும்தானே?

இன்றைக்கே மாற்றுங்கள். 5060 போர்ட் வெளியே திறந்திருக்கிற பெட்டியை ஓயாமல் தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன, எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துப் பார்ப்பதுதான் அவற்றின் முதல் முயற்சி. உள்ளே வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு ஓட்டிவிடுவார்கள், பில் உங்கள் பெயரில் வரும். பெட்டியே உருவாக்கித் தருகிற நீளமான பாஸ்வேர்டை வையுங்கள், யாரும் அதைக் கையால் அடிக்கப்போவதில்லை, போனில் ஒரு தடவை ஏற்றினால் முடிந்தது. 5060-ஐ வெளியே திறக்காதீர்கள், கிளைகள் விபிஎன்னில்தானே வருகின்றன. ஐஎஸ்டி தேவையுள்ள ஓரிரு எண்ணுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவற்றைப் பூட்டுங்கள்.

குலசேகரத்திலிருந்து 108 அடித்தால் எங்கே போகும்?

எல்லா வெளி அழைப்பும் நாகர்கோவில் ட்ரங்க் வழியாகப் போகிறது என்றால், எடுப்பவருக்கு நாகர்கோவில் எண்தான் தெரியும். அடித்தவருக்கு ஊரைச் சொல்ல நிதானம் இருக்குமா? கிளையில் சொந்தமாக ஒரு லைன் இருந்தால் 100, 101, 108, 112 நான்கும் அதன் வழியே போகும்படி தனி ரூட் எழுதுங்கள். பூட்டிய எக்ஸ்டென்ஷனிலிருந்தும் போக வேண்டும், முன்னால் 0 அடித்தாலும் போக வேண்டும். அப்படி லைன் இல்லாத கிளையில் போன் மேலேயே "அவசரத்துக்கு மொபைலில் அடிக்கவும்" என்று ஒட்டிவிடுங்கள்.

களியக்காவிளை தாண்டி பாறசாலையில் ஒரு கிளை தொடங்குகிறோம். அங்குள்ள லைனை இங்கிருந்து பயன்படுத்தலாமா?

கிளைக்குக் கிளை உங்கள் நெட்வொர்க்கில் பேசுவது வேறு, இங்கே எடுத்த அழைப்பை விபிஎன்னில் கேரளம் கொண்டுபோய் அங்குள்ள லைனில் பொது எண்ணுக்கு வெளியே விடுவது வேறு. இரண்டாவதற்கு டோல் பைபாஸ் என்று பெயர், நம் நாட்டில் அதற்குத் தடை உண்டு. பெரிய கம்பெனி பிபிஎக்ஸ்களில் இதைத் தடுப்பதற்கென்றே லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்ற அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் வெளியே பேசத் தன் சொந்த ட்ரங்க்கைப் பயன்படுத்தட்டும், சந்தேகம் இருந்தால் லைன் தருகிற நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எண்ணைப் பற்றிக் கேட்டால், 8 ஒதுக்கியாயிற்று, 2 முதல் 7 வரை தீர்ந்தது. குடோனை நாகர்கோவிலின் 29 வரிசைக்குள் கொண்டுவந்துவிட்டு 7-ஐப் பாறசாலைக்குக் கொடுக்கலாம். இன்னும் கிளைகள் வரும் என்றால் ஐந்து இலக்கத்துக்கு இப்போதே போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால்?

ஒகி புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தபோது இங்கே கரண்ட் கம்பங்கள் சரிந்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்தோம், மொபைலும் கைவிட்டது. அந்த அளவுக்கு எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது. சாதாரண மின்வெட்டுக்குச் சொல்கிறேன்: போன்களுக்குத் தனித்தனி அடாப்டர் வேண்டாம், நெட்வொர்க் கேபிளிலேயே போனுக்குக் கரண்டும் கொடுக்கிற பிஓஇ ஸ்விட்ச் வாங்கி அதை யுபிஎஸ்ஸில் போடுங்கள். ஸ்விட்சையும் பிபிஎக்ஸையும் போட்டுவிட்டு ஃபைபர் மோடத்தை மட்டும் சுவரில் சாதாரண பிளக்கில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம், அதையும் சேர்த்துப் போடுங்கள். இடி இடிக்கிற ஐப்பசியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் போட்டவர்களுக்கு போர்ட் எரிவது பழக்கமாகியிருக்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் போட்டுவிடுங்கள்.

பட்டியலை யார் வைத்திருப்பது?

ஒருவர். இரண்டு பேர் எழுதினால் இரண்டு பட்டியல். ஒரு ஷீட் போதும்: எண், ஊர், மேசை அல்லது வேலை, போனின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்), ஸ்விட்ச் போர்ட், கடைசியாக மாற்றிய தேதி, ஏன் மாற்றினோம். மற்றவர்கள் பார்க்கலாம், எழுதக் கூடாது. எண் காலியானால் வரியை அழிக்காமல் "காலி" என்று போட்டு மூன்று மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள், இல்லாவிட்டால் பழைய ஆளைத் தேடுகிற போன் எல்லாம் புது ஆளுக்கு வரும். பாஸ்வேர்டுகள் இந்த ஷீட்டில் வேண்டாம்.

பிபிஎக்ஸ் பேக்கப் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் பிரயோஜனம் இல்லை, வடசேரிப் பெட்டியின் பேக்கப் மார்த்தாண்டத்தில் இருக்கட்டும், மார்த்தாண்டத்துடையது வடசேரியில். வருடம் ஒரு தடவை ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, இரண்டு போனைச் சேர்த்து, 4201-லிருந்து 4110-க்கு மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.